சாவிக்கொத்து டார்ச்: எந்த செல், எவ்வளவு வெளிச்சம், எங்கே பழுது

#1 இருசக்கரம்
வண்டிச் சாவியோடு மாட்ட ஒரு குட்டி டார்ச் வேண்டும். வேலை இவ்வளவுதான்: இருட்டில் பூட்டுத் துளை, கரண்ட் போனால் மாடிப்படி, சீட்டுக்கு அடியில் ஃப்யூஸ், மீட்டர் ரீடிங், கீழே விழுந்த ஸ்க்ரூ. கடையில் மூன்று வகை கிடைக்கிறது. அமுக்கினால் எரியும் பட்டன் செல் வில்லை, ஒரே ஒரு டிரிபிள் ஏ செல் போடும் அலுமினியக் குழல், யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் உள்செல் வகை. விளம்பரத்தில் 300 லூமன், 500 லூமன் (டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்பி வாங்குவது? போனில்தான் லைட் இருக்கிறதே என்ற பதிலும் வரும், அதற்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

#2 ஓம்விதி
உச்ச லூமனைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன ஐந்து வேலையில் நான்குக்கு 1 முதல் 20 லூமன் போதும். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பழகிய கண்ணுக்கு 1 லூமனில் பூட்டுத் துளை, கட்டில் அடி, மாத்திரை அட்டை எல்லாம் தெரியும். அதே கண்ணில் 300 லூமன் பட்டால் அடுத்த பல நிமிடங்களுக்கு டார்ச்சை அணைத்ததும் ஒன்றும் தெரியாது. மாடிப்படிக்கு 10, 20. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க 30, 50. தெருவில் நடக்க 50க்கு மேல் இருந்தால் நிம்மதி.

300 லூமன் என்ற எண் பொய் என்று சொல்ல மாட்டேன், அது நிற்காது என்பதுதான் விஷயம். கணக்கு போட்டுப் பாருங்கள். 300 லூமனுக்கு எல்இடி ஏறக்குறைய 3 வாட் தின்னும், அதில் 2 வாட் சூடாகப் போகும். 12 கிராம் உடம்பில் 2 வாட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 டிகிரி ஏறும். சென்னை வெயிலில் கை பொறுக்காது. அதனால் சர்க்யூட்டே ஒரு நிமிடம் முன்னே பின்னே வெளிச்சத்தைக் குறைத்துவிடும்.

அட்டையில் எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர முத்திரை இருந்தால் அதன் அர்த்தத்தைத் தெரிந்து படியுங்கள். அதில் ரன்டைம் என்பது வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதமாக இறங்கும் வரை உள்ள நேரம். 300 லூமன் டார்ச் 40 லூமனுக்கு வந்து ஒரு மணி நேரம் ஓடினாலும் அந்த ஒரு மணியும் கணக்கில் சேரும். தூரத்துக்கும் ஒரு சூத்திரம் உண்டு: கேண்டெலாவின் (ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவு) வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர். 100 கேண்டெலா என்றால் 20 மீட்டர், 400 என்றால் 40 மீட்டர். அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவு அளவு. "40 மீட்டர்" என்று போட்டிருந்தால் அங்கே நிற்பவர் முகம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: ஆன் செய்ததும் முதலில் வருவது சின்ன வெளிச்சமா, பெரிய வெளிச்சமா? சின்னதில் தொடங்கும் டார்ச்தான் சாவிக்கொத்துக்கு ஏற்றது.

#3 கரண்ட்கட்
போன் லைட் விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. மாடிப்படி ஏற, செருப்பு தேட போன் லைட் தாராளம். பரவலாக விழும், கையிலும் ஏற்கெனவே இருக்கும். பல போன்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடிகிறது. சாவிக்கொத்தில் இன்னும் ஒரு சுமை எதற்கு?

#4 நட்டுபோல்ட்டு
@கரண்ட்கட் அண்ணே, மாடிப்படி வரைக்கும் உங்கள் கட்சிதான். ஆனால் என்ஜினுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே உள்ள இரண்டு விரல் இடைவெளியில் போனை நுழைக்க முடியாது. போன் கேமராவும் லைட்டும் ஒரே பக்கம், அதனால் திரையைப் பார்த்துக்கொண்டு லைட்டை வேறு கோணத்தில் காட்டவும் முடியாது. இன்னொன்று, கிணற்று மேட்டிலும் சாக்கடை மூடியிலும் 200 கிராம் போனை நீட்டிக்கொண்டு குனிவது நஷ்டக் கணக்கு. கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆனால் போனில் மிச்சம் இருக்கும் சார்ஜ் பேசுவதற்கு வேண்டும்.

கீழே விழுந்த ஸ்க்ரூவுக்கு ஒரு வழி சொல்கிறேன், இது போனில் சரியாக வராது. டார்ச்சைத் தரையிலேயே படுக்க வைத்து, தரையை ஒட்டி வெளிச்சம் ஓடும்படி மெதுவாகச் சுற்றுங்கள். 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்குக்கூட ஒரு சாண் நிழல் விழும். ஸ்க்ரூவைத் தேடாதீர்கள், நிழலைத் தேடுங்கள். மேலிருந்து அடித்தால் நிழலே இருக்காது, சிமென்ட் தரையின் புள்ளியும் ஸ்க்ரூவும் ஒன்று போலத் தெரியும். டைல்ஸில் தெறித்த கண்ணாடித் துண்டுக்கும் இதே முறைதான்.

நடக்கும்போதும் அப்படித்தான். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் மேடு பள்ளம் சமதளமாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே பிடியுங்கள், கல்லுக்கும் குழிக்கும் நிழல் விழும். மழையிலும் பனியிலும் கீழே பிடித்தால்தான் கண் கூசாது.

#5 ஓம்விதி
#4க்கு ஒரு சேர்க்கை. மீட்டர் பெட்டி டிஜிட்டல் திரையில் நேராக அடித்தால் கண்ணாடியில் திரும்பி அடிக்கும். பக்கவாட்டில் 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் எண் தெளிவாக வரும். ஃப்யூஸ் கேரியரைத் தொடுமுன் மெயினை இறக்குவது டார்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதி. அலுமினிய டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு லைவ் பெட்டிக்குள் தலையை விடக் கூடாது. மேலே உள்ள, கரண்ட்டைக் கடத்தாத அனோடைஸ் பூச்சு மெல்லியது, ஒரு கீறல் விழுந்தால் உள்ளே உலோகம். கரண்ட் பெட்டிக்கு பிளாஸ்டிக் உடம்பு நல்லது.

ஒயர் நிறம் பிரிக்க வேண்டியவர்கள் சிஆர்ஐ பாருங்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100க்கு இத்தனை என்ற எண் அது. மலிவு எல்இடியில் 70 இருக்கும், நீலம் தூக்கலாக அடிக்கும். பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். ரெசிஸ்டரில் பழுப்பு வளையத்தைச் சிவப்பு என்று படித்தால் 1 என்பது 2 ஆகிவிடும். 90க்கு மேல் சிஆர்ஐ, வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண் 4000 முதல் 5000 கெல்வின் என்றால் சரியாக இருக்கும்.

#6 நூல்கண்டு
பட்டன் செல் வில்லை வகையைப் பற்றி யாரும் பேசவில்லையே? 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது, 10 கிராம்கூட இல்லை.

#7 நட்டுபோல்ட்டு
@நூல்கண்டு அக்கா, அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டில் ஒன்று இருக்கும். சிஆர்2032 ஒன்று அல்லது சிஆர்2016 இரண்டு. முதல் எண் 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், கடைசி இரண்டு எண் கனம். 32 என்றால் 3.2, 16 என்றால் 1.6. இரண்டு 2016ஐ அடுக்கினால் ஒரு 2032 கனம் வரும். குழப்பம் இங்கேதான். உருவம் ஒன்று, வோல்ட் வேறு. 2032 ஒன்று 3 வோல்ட். 2016 இரண்டு சேர்ந்தால் 6 வோல்ட். 6 வோல்ட் டார்ச்சில் 2032 போட்டால் மங்கலாக எரியும், அல்லது எரியாது. 3 வோல்ட் டார்ச்சில் இரண்டு 2016 போட்டால் பளிச்சென்று எரிந்து எல்இடி நீலம் பாய்ந்து போய்விடும்.

இந்த மலிவு வில்லைகளில் பெரும்பாலும் ரெசிஸ்டரே இருக்காது. செல்லின் உள் எதிர்ப்புதான் கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிறது. அதனால்தான் புது செல்லில் கண்ணைக் கூசும், கொஞ்ச நேரத்தில் இறங்கி, பிறகு நெடுநேரம் மினுக்கிக்கொண்டே இருக்கும். செல்லின் கொள்ளளவு 2032இல் சுமார் 220 எம்ஏஎச், 2016இல் 90தான்.

மாற்றும்போது கவனிக்க:
இரண்டு 2016உம் ஒரே திசையில், எழுத்துள்ள பக்கம் (அதுதான் பிளஸ்) ஒரே பக்கமாக இருக்க வேண்டும். ஒன்றைப் புரட்டி வைத்தால் ஒன்றை ஒன்று அடித்து 0 வோல்ட்.
பழையது ஒன்று புதியது ஒன்று கலக்க வேண்டாம். பலவீனமானது தலைகீழாக ஓட்டப்பட்டுக் கசியும்.
இரும்பு இடுக்கியால் பிடிக்காதீர்கள், ஷார்ட் ஆகும். விளிம்பை விரலால் பிடித்து, துணியால் துடைத்துப் போடுங்கள்.
மீட்டரில் புது 2032 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சும்மா அளக்கும்போதே 2.8க்குக் கீழே என்றால் அது முடிந்தது.
கசப்புப் பூச்சு பூசிய செல்கள் வருகின்றன, குழந்தை வாயில் போட்டால் துப்புவதற்காக. அந்தப் பூச்சு சில டார்ச்சுகளில் தொடர்பைத் தடுக்கும். புது செல் போட்டும் எரியவில்லை என்றால் முதலில் பூச்சில்லாத செல்லைப் போட்டுப் பாருங்கள்.

#8 வார்டு_விளக்கு
குழந்தை பேச்சு வந்ததால் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வயதுக் குழந்தை கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து அழுகையை அடக்குவது எல்லா வீட்டிலும் நடக்கும். அதில் பட்டன் செல் வில்லை தொங்கினால் கொடுக்கவே கூடாது. ஸ்க்ரூ போட்டு மூடாமல் கிளிப்பில் மட்டும் நிற்கும் மூடி கீழே விழுந்தாலே பிளந்துவிடும்.

20 மில்லிமீட்டர் லித்தியம் செல் உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் ஈரத்தில் அதன் வழியாகக் கரண்ட் ஓடி, மைனஸ் பக்கத்தில் காரம் உருவாகிச் சதையை அரிக்கும். 2 மணி நேரத்தில் ஆழமான புண். டார்ச்சுக்குப் போதாது என்று தூக்கிப் போட்ட பழைய செல்லும் இதைச் செய்யும். எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல், இதுதான் அறிகுறி, சில நேரம் அதுவும் இருக்காது. காசு விழுங்கியது போலவே எக்ஸ்ரேயில் தெரியும், விளிம்பில் இரட்டை வளையம் தெரிந்தால் அது செல்.

சந்தேகம் வந்தாலே 108. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்கும் நிலையில் இருந்தால் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். அரிப்பை அது மட்டுப்படுத்தும். தேன் தேடி வீட்டில் நிற்கக் கூடாது, ஆஸ்பத்திரி போவதுதான் முதல் வேலை. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

அமெரிக்காவில் 2022இல் ரீஸ் சட்டம் என்று கொண்டுவந்து இந்த மூடிகளைச் சின்னக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கும்போது பின்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள்.

#9 நூல்கண்டு
நன்றி சிஸ்டர். வில்லை வகை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். டிரிபிள் ஏ என்றால் எந்த செல் போடுவது?

#10 ஓம்விதி
வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் வேண்டும். ஒரு டிரிபிள் ஏ கொடுப்பது 1.5. நடுவில் வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் ஒன்று இருக்கிறது, அது வோல்ட்டை ஏற்றுவதற்கு ஈடாக செல்லிலிருந்து கரண்ட்டை அதிகமாக உறிஞ்சும். 100 லூமனில் செல்லிலிருந்து ஏறக்குறைய 1 ஆம்பியர். சாதாரண அல்கலைன் டிரிபிள் ஏ இந்த இழுப்புக்குத் திணறும், சில நிமிடத்திலேயே வெளிச்சம் விழும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் என்றாலும் அந்த 1.2இல் கடைசி வரை உறுதியாக நிற்கும். 750 எம்ஏஎச் செல்லில் 100 லூமன் முக்கால் மணி, 5 லூமன் 12 மணிக்கு மேல் என்று தோராயமாகக் கணக்கு வைக்கலாம்.

தினமும் பயன்படுத்தினால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. தானாகச் சார்ஜ் இறங்காத ரகம் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண ரகம் சில மாதத்தில் காலி. எப்போதாவது ஒருமுறைதான், மற்றபடி தொங்கிக்கொண்டே இருக்கும் என்றால் 1.5 வோல்ட் லித்தியம் டிரிபிள் ஏ. விலை கூட, ஆனால் எடை 7.6 கிராம், அல்கலைன் 11 கிராமுக்கு மேல். வருடக்கணக்கில் கிடந்தாலும் தாங்கும், கசியும் பயம் மிகக் குறைவு.

அளவு ஒன்றாக இருக்கிறதே என்று 10440 லித்தியம் அயன் போடாதீர்கள். அது முழு சார்ஜில் 4.2 வோல்ட். தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதாத டார்ச்சில் போட்டால் சர்க்யூட் கருகும், அல்லது எல்இடியே செல்லோடு நேராக இணைந்தது போல் எரிந்து சூடாகும்.

#11 வடமராட்சியான்
அல்கலைன் பற்றரி பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேணும். திறப்புக் கோர்வையில் கிடக்கிற ரோச்சுகள் பழுதாகிறதுக்கு முதல் காரணம் எல்இடி இல்லை, அல்கலைன் கசிவுதான். உள்ளே பொட்டாசியம் ஹைட்ரொக்சைட். வோல்ட்டை ஏத்துற சர்க்கிட் பற்றரியை அடிமட்டம் வரைக்கும் உறிஞ்சும், அப்ப வாயு உண்டாகி மூடி பிளக்கும். வெளியில வந்தது காத்தோட சேர்ந்து வெள்ளைப் பொருக்காகும். அலுமினியத்தோடையும் அது வேலை செய்யும், குழல் உள்பக்கம் அரிச்சு, பற்றரி வீங்கி இறுகிப்போகும்.

கொஞ்சம் கசிவு எண்டால்: பஞ்சுக் குச்சியில எலுமிச்சம்புளி அல்லது வினாகிரி தொட்டுப் பொருக்கில வையுங்கோ, நுரைக்கும். நுரை நிண்டதும் துடைச்சு, ஈரத்துணியால ஒருக்கா, பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோல். தொடுமுனையைப் பென்சில் அழிறப்பரால தேய்ச்சுப் பளபளப்பாக்குங்கோ. ஒரு நாள் காயவிட்டுப் புதுப் பற்றரி போடலாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யிறது நல்லம்.

இறுகின பற்றரியை எடுக்கிறதுக்கு மரப்பலகையில தட்டிப் பாருங்கோ. வராட்டில் அல்கலைன் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சால் மட்டும் ஒரு மர ஸ்குரூவை மெல்ல முறுக்கி இழுக்கலாம். லித்தியம் எண்டால் ஒரு ஊசிகூடப் படக் கூடாது, பத்திவிடும்.

#12 இருசக்கரம்
@வடமராட்சியான் அண்ணை, தலையை முறுக்கினால் எரியும் வகையில் இரண்டு மாதத்தில் வெளிச்சம் விட்டு விட்டு வருகிறது என்று பலர் எழுதுகிறார்களே, அதுவும் கசிவா?

#13 வடமராட்சியான்
இல்லைத் தம்பி, அது அழுக்கு. முறுக்கு ரோச்சில கரண்ட் போற பாதையைப் பாருங்கோ. பற்றரியின்ர மைனசில இருந்து குழல் வழியா மேல வந்து, குழலின்ர விளிம்பு தலையில இருக்கிற வட்டத்தைத் தொடேக்க எரியும். மரை அனோடைஸ் பண்ணியிருந்தால் அது கரண்ட்டைக் கடத்தாது, விளிம்பு மட்டும்தான் வெறும் உலோகம். அந்த மெல்லிய விளிம்பில சட்டைப்பைப் பஞ்சு, வியர்வை உப்பு, கடற்கரைப் பக்கம் எண்டால் உப்புக் காத்து. முடிஞ்சுது கதை.

தலையைக் கழட்டி விளிம்பையும் வட்டத்தையும் வெள்ளைத் துணியில அல்ககோல் தொட்டுக் கறுப்பு வராமல் போகும் வரை துடையுங்கோ. மரைக்குச் சிலிக்கோன் கிறீஸ் கடுகளவு. விளிம்பில கிறீஸ் படக் கூடாது. இறுக்கி முறுக்கினால் நல்லா எரியும் எண்டு பலம் போடுகிறது பிழை. உள்ளே பிளசைச் சுற்றி ஒரு சின்ன ஸ்பொஞ்ச் வளையம் இருக்கும். அது நசுங்கிப்போனால் பிறகு அணைக்க நினைச்சாலும் அணையாது.

#14 கரண்ட்கட்
சிலிக்கான் க்ரீஸ் எங்கே போய் வாங்க? தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஆகாதா?

#15 நட்டுபோல்ட்டு
ஆகாது அண்ணே. தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டார்ச் முறுக்கவே வராது. துரு நீக்கும் ஸ்ப்ரே இன்னும் மோசம், இருக்கிற க்ரீஸையும் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். வாசலின் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஓரிங்குக்கு (தண்ணீர் புகாமல் மரையில் போடும் வளையம்) ஒத்துப்போகும், வேறு சில ரப்பரை ஊத வைக்கும். ஆர்ஓ வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்பவர்களிடம் ஹவுசிங் ஓரிங்குக்குப் போடும் சிலிக்கான் க்ரீஸ் இருக்கும், ஒரு மூடி வாங்கினால் பல வருடம் வரும். சிலிக்கான் ரப்பரில் செய்த ஓரிங் என்றால் மட்டும் சிலிக்கான் க்ரீஸ் வேண்டாம், ஊதிவிடும்.

ஓரிங் உருளும்போது முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். மரை வழுவழுவென்று இல்லாமல் மணல் போல் நறநறத்தால் அலுமினியம் அலுமினியத்தைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், உடனே துடைத்துவிடுங்கள்.

#16 இருசக்கரம்
அப்படியானால் யூஎஸ்பி வகையில் மரையும் இல்லை, கசிவும் இல்லை. அதுதானே நல்லது?

#17 ஓம்விதி
அதற்கு வேறு நோய்கள். மாற்ற முடியாத செல். 300 முதல் 500 முழு சார்ஜில் கொள்ளளவு 80 சதவீதம் போல இறங்கும். அது பரவாயில்லை, பலருக்கு அத்தனை சுற்று வரவே வராது. உண்மையான எதிரி வேறு. பட்டன் எலக்ட்ரானிக் வகை என்பதால் அணைத்த பிறகும் சர்க்யூட் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 20 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 8760 மணி நேரம், பெருக்கினால் 175 எம்ஏஎச். உள்ளே உள்ள குட்டி செல்லே 100 எம்ஏஎச் என்றால் ஏழு மாதத்தில் தொடாமலே காலி. முழுக்கக் காலியாகி அப்படியே கிடந்தால் செல் மறுபடி எழாமலும் போகலாம். அதனால் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ். சும்மா எடுத்து வைப்பதாக இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்கள்.

வண்டி டேஷ்போர்டில், பெட்ரோல் டேங்க் மேல் வெயிலில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உடம்பு மூட்டில் பிளந்து இடைவெளி தெரிந்தால் செல் வீங்கியிருக்கிறது, சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள்.

பாக்கெட்டில் தானாக எரிவது இன்னொன்று. பட்டன் லாக் இருக்கிற மாடலை மட்டும் பாருங்கள். முறுக்கு வகையில் கால் சுற்று தளர்த்தினாலே லாக்.

#18 நூல்கண்டு
யூஎஸ்பி சி போர்ட் உள்ள ஒன்று லேப்டாப் சார்ஜர் ஒயரில் ஏறவே இல்லை, பழைய சார்ஜரில் ஏறுகிறது. டார்ச் கெட்டதா?

#19 ஓம்விதி
டார்ச் கெடவில்லை, சிக்கனம் செய்திருக்கிறார்கள். இரண்டு முனையும் சி உள்ள ஒயரில், எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிய டார்ச்சுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். மலிவு மாடலில் அதைப் போடுவதில்லை. சார்ஜர் கரண்ட்டே விடாது. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி, மறுமுனை சி உள்ள ஒயரைப் பயன்படுத்துங்கள், அதில் எப்போதும் 5 வோல்ட் நிற்கும்.

பவர் பேங்கில் போட்டாலும் பாதியில் நிற்கலாம். டார்ச் இழுப்பது சில பத்து மில்லி ஆம்பியர், ஒன்றும் மாட்டியிருக்கவில்லை என்று நினைத்து பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்ளும். குறைந்த கரண்ட் மோடு இருந்தால் அதைப் போடுங்கள்.

போர்ட் மூடி ரப்பர் தொங்க ஆரம்பித்தால் உள்ளே பஞ்சு அடையும். மரப் பல்குச்சியால் எடுங்கள், குண்டூசி வேண்டாம். மூடி கழன்ற டார்ச்சுக்கு அட்டையில் இருக்கும், தண்ணீர் தாங்குவதைச் சொல்லும் ஐபி எண் எதுவும் பொருந்தாது.

#20 கரண்ட்கட்
சரி, தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்று வாங்கலாம் என்று தோன்றுகிறது. மழையில் வண்டியோடு நனையும், அதற்கு எந்த எண்?

#21 நட்டுபோல்ட்டு
ஐபிஎக்ஸ்4 தெறிக்கும் தண்ணீர், மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி. ஐபிஎக்ஸ்8 அதற்கும் மேல், எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும். துணியோடு வாஷிங் மெஷினில் போனது என்றால் அது வேறு சோதனை, சோப்பும் சூடும் க்ரீஸை எடுத்துவிடும். முறுக்கு வகை என்றால் தப்பும், கழற்றிக் காயவைத்து மறுபடி க்ரீஸ் போடுங்கள்.

வண்டியோடு மாட்டுவதாக இருந்தால் மாட்டும் முறையும் முக்கியம். இக்னிஷனில் சாவி இருக்கும்போது டார்ச் தொங்கி ஆடினால் முன்பக்க பிளாஸ்டிக் கீறும், பூட்டு சீக்கிரம் தேயும். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைத் திரும்ப அழைத்ததற்கு இக்னிஷன் சுவிட்ச்தான் காரணம். கொத்தின் எடையிலோ குலுக்கலிலோ சாவி தானாகத் திரும்பி ஓடும் வண்டி அணையலாம் என்பதால், பழுது பார்க்கும் வரை சாவியை மட்டும் போட்டு ஓட்டுங்கள் என்று சொன்னார்கள். அந்த சுவிட்ச் குறையுள்ளது, உங்கள் வண்டியில் அப்படி இல்லைதான். இருந்தாலும் இழுத்தால் கழலும் க்ளிப் ஒன்றைப் போட்டு, வண்டிச் சாவி ஒரு பக்கம், வீட்டுச் சாவியும் டார்ச்சும் மறுபக்கம் என்று பிரித்துவிடுங்கள். ஓட்டும்போது டார்ச் பாக்கெட்டில், வண்டியை நிறுத்தியதும் கையில்.

எஃகு வளையம் அலுமினியத் துளையை அறுக்கும், மெதுவாக, ஆனால் நிச்சயம். துளையில் நேராக எஃகு வளையம் போடாமல் நடுவில் ஒரு நைலான் கயிறு முடிச்சு போட்டால் அறுபடுவது கயிறுதான், மாற்றிக்கொள்ளலாம். கயிறு பழசாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

#22 வடமராட்சியான்
காந்தம் வைச்ச ரோச் எண்டால் இரும்புத் தூள் ஒட்டும், அது பற்றரி முனைக்குப் போனால் ஷோர்ட். காந்தக் கோடு உள்ள வங்கி அட்டையோட ஒரே பையில போடாதேங்கோ.

#23 நூல்கண்டு
தோட்டத்து வீடு. பாம்பு, தேள் பார்க்க இது உதவுமா?

#24 நட்டுபோல்ட்டு
பாம்புக்கு சாவிக்கொத்து டார்ச்சை நம்ப வேண்டாம் அக்கா. பூனை, நாய் கண் போலப் பாம்புக் கண் வெளிச்சத்தில் மினுங்காது, கண்ணுக்குப் பின்னால் அந்தப் பிரதிபலிப்புப் படலம் அதற்கு இல்லை. மினுங்கும் என்று காத்திருந்தால் மிதித்துவிடுவீர்கள். வரப்பிலும் தோட்டத்திலும் நடக்கப் பெரிய டார்ச், மூடிய காலணி, கையில் கம்பு. குட்டி டார்ச் வாசற்படிக்கும் செருப்புக்கு உள்ளே பார்க்கவும்தான். செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தேளுக்கு யூவி, அதாவது புற ஊதா வெளிச்சம் உதவும். யூவி பட்டால் தேள் பச்சை நீலமாக ஒளிரும், எவ்வளவு இருட்டோ அவ்வளவு தெளிவு. பல மாடல்களில் பக்கவாட்டில் ஒரு யூவி எல்இடி வைத்திருக்கிறார்கள். 395 நானோமீட்டர் என்றால் ஊதா வெளிச்சம் கூடவே அடித்து எல்லாமே ஊதாவாகத் தெரியும். 365 என்றால் சுத்தம், விலை கூட. ரூபாய் நோட்டின் எண்ணும் இழைகளும் ஒளிர்வதைப் பார்க்கவும் அது போதும். கண்ணில் அடிக்கக் கூடாது, தெரியாமலே பாதிக்கும்.

#25 வார்டு_விளக்கு
தொண்டைக்குள் பார்க்க 10 லூமன் போதும். பாப்பாவைச் சுருங்க வைத்துப் பார்க்கிறேன் என்று 100 லூமனைக் கண்ணில் அடிக்க வேண்டாம்.

#26 இருசக்கரம்
"பாப்பாவை" என்றால்?

#27 வார்டு_விளக்கு
கண்ணின் பாவை தம்பி. குழந்தை இல்லை.

#28 கரண்ட்கட்
சிரித்துவிட்டேன். ஒரு சந்தேகம். சமையலறையில் கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்ச் போடக் கூடாது என்பார்கள், அப்போது இந்த டார்ச்சைப் போடலாமா?

#29 ஓம்விதி
போடக் கூடாது. எந்த சுவிட்சாக இருந்தாலும் தொடர்பு விழும், விலகும் கணத்தில் பொறி வரலாம். வெடிக்கும் வாயு உள்ள இடத்துக்கென்று சான்று பெற்ற டார்ச்சுகள் தனியாக உண்டு, சாவிக்கொத்து வகை எதுவும் அதில் சேராது. போனும் வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையில் படுத்துக்கிடக்கும். இருட்டிலேயே கைதொட்டு ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு 1906க்கு அழையுங்கள், அது எல்பிஜி கசிவுக்கான எண். டார்ச் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அணைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே அளவு பார்ப்பதற்கும் இதே கட்டுப்பாடுதான்.

#30 இருசக்கரம்
ஒரு டிரிபிள் ஏ, முறுக்கு வகை, சின்ன வெளிச்சத்தில் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஃபெனிக்ஸ் இ01 வி2 வில் 5, 25, 100 என்று மூன்று அளவு இருக்கிறது. வேறு பார்க்க வேண்டுமா?

#31 ஓம்விதி
உங்கள் வேலைக்கு அந்த மூன்று படிகள் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. கடையில் கேட்டு எந்த அளவில் தொடங்குகிறது என்று முறுக்கிப் பாருங்கள். வீட்டில் பழைய மாக்லைட் சாலிட்டேர் பல்பு வகை கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள், அதுவும் ஒரு டிரிபிள் ஏதான். வால் மூடிக்குள் ஒரு மாற்று பல்பு வைத்துத்தான் விற்றார்கள். வெளிச்சம் இரண்டு லூமன் சொச்சம், ஆனால் பூட்டுத் துளைக்கு அதுவே போதுமாக இருந்தது. இப்போது அதே உருவத்தில் எல்இடி வைத்தே விற்கிறார்கள்.

#32 நூல்கண்டு
விமானத்தில் கொண்டுபோகலாமா? தீர்ந்த செல்லை என்ன செய்வது?

#33 நட்டுபோல்ட்டு
கைப்பையில் போடுங்கள் அக்கா, லாக் செய்து அல்லது கால் சுற்று தளர்த்தி. உபரி லித்தியம் செல் எப்போதும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் கூடாது. முனைகளில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். தீர்ந்ததும் அதே போல ஒட்டி, பட்டன் செல் என்றால் இரண்டு பக்கமும் ஒட்டி, ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்குத் திரும்பப் பெறும் பொறுப்பு இருக்கிறது, பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகள் சிலவற்றில் சேகரிப்புப் பெட்டி வைத்திருப்பார்கள். குப்பையோடு போட்டால் குப்பை வண்டியில் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும்.